மகனைச் சல்தானாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, என் மகன் இந்த ஆண்டு மேட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறான். நம் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சல்தானா ராணுவ அகாடமியில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் ராணுவத்துக்குப் போனவர்கள் யாரும் இல்லை. நீங்கள் அங்கே படித்தவர், இப்போது நினைத்தால் என்ன தோன்றுகிறது? அனுப்பலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் மேட்ரிக் முடித்த கையோடு நேரே அங்கே போய்ச் சேர முடியாது, இதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். தரைப்படை, விமானப்படை, கடற்படை, ராணுவ மருத்துவச் சேவை, இந்த நான்கில் ஒன்றில் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சி முடித்து, அதிகாரிப் பயிற்சிக்கும் தேர்வாக வேண்டும். அப்புறம் அந்தப் படைதான் யாரைப் படிக்க அனுப்புவது என்று முடிவு செய்யும்.

படிப்பு ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் படிப்பு, மூன்றாண்டுப் பட்டம். சீருடையில் இருப்பதால் சம்பளமும் உண்டு. விடியற்காலையில் அணிவகுப்பு, அது முடிந்ததும் வகுப்பு, ராத்திரி கண் சொக்கச் சொக்க கட்டுரை எழுத வேண்டும். பயிற்சியில் களைத்துப் போனேன் என்று சொன்னால் எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் கூட்டிப் போட மாட்டார். அங்கே பையன்கள் தடுமாறுவது ஓட்டத்திலோ துப்பாக்கியிலோ இல்லை, இந்த இரட்டைச் சுமையில்தான்.

எனக்கு இன்றும் மனசில் நிற்பது உடன் படித்தவர்கள். 1994 ஏப்ரலில் வெள்ளையர் ஆட்சியின் பழைய ராணுவம், அதை எதிர்த்த ஏ.என்.சி. கட்சியின் ஆயுதப் பிரிவான எம்.கே., பி.ஏ.சி. கட்சியின் ஆயுதப் பிரிவான ஆப்லா, கறுப்பர்களுக்கென்று அந்த ஆட்சி பிரித்து வைத்த நான்கு ஹோம்லேண்ட் பகுதிகளின் படைகள் எல்லாம் ஒரே தேசியப் படையாகச் சேர்ந்தன, நான் படித்தது அதற்கடுத்த சில ஆண்டுகளில். ராணுவ வரலாற்று வகுப்பில், பழைய ராணுவம் அங்கோலா, கியூபா படைகளோடு மோதிய அங்கோலா போர், அதில் 1987-88இல் குய்ட்டோ குவானவாலேயில் நடந்த சண்டை வந்தபோது, பழைய ராணுவத்திலிருந்து வந்தவர் ஒரு கதை சொன்னார், எம்.கே.யிலிருந்து வந்தவர் நேர் எதிராக வேறொன்று சொன்னார், இரண்டு பேருமே தங்கள் ஆட்கள்தான் ஜெயித்தார்கள் என்றார்கள். குரல் உயர்ந்தது. ஆசிரியர் தடுக்கவில்லை, இருவரையும் ஆதாரத்தோடு எழுதி வரச் சொன்னார். எழுதுவதற்காக அந்த இரண்டு பேரும் நூலகத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நான் எந்தப் பக்கத்திலிருந்தும் வராதவன் என்பதால் இருவருமே என்னிடம் மனம் விட்டுப் பேசினார்கள். டர்பனில் எங்கள் தெருவுக்குள்ளேயே வளர்ந்த எனக்கு இந்த நாடு எவ்வளவு பெரியது என்பது அங்கேதான் புரிந்தது. உங்கள் மகனுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

ஒன்று மட்டும். படிக்க வைத்த படையில் எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்பதை, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சல்தானா டர்பனிலிருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல், தைப்பூசக் காவடிக்கெல்லாம் நினைத்தபடி வர முடியாது. கடல் நீரும் நம் ஊர் மாதிரி வெதுவெதுப்பாக இருக்காது, காற்று வேறு பலமாக அடிக்கும்.

கேள்வி: முன்பு இந்தியர்களுக்குத் தனிப் படை இருந்ததாமே?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: இருந்தது. 1970களில் இந்தியர் படைப்பிரிவு அமைத்து, டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் பயிற்சி கொடுத்தார்கள், அந்தத் தளத்தின் பெயர் ஜலசேனா. அப்போது கட்டாய ராணுவச் சேவை வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும்தான், நம்மவர்கள் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள். அவர்களை அந்தக் காலத்தில் நம் ஜனங்களே திட்டியதும் உண்டு, வேலை கிடைத்ததே என்று வாழ்த்தியதும் உண்டு.