திருவயிற்றின் கனி என்றால் என்னம்மா?

கேள்வி: மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் நாங்களே வீட்டில் படிக்க வைக்கிறோம். போன வாரம் செபமாலை சொல்லும்போது ஒன்பது வயது மகள் நடுவில் நிறுத்தி, "திருவயிற்றின் கனின்னா குழந்தைதானே, அது வயித்துக்குள்ள எப்படிம்மா போச்சு?" என்று கேட்டாள். செபத்தில் பேசாதே என்று அதட்டிவிட்டேன். அப்புறம் மனசே சரியில்லை. இந்தப் பேச்சு காதில் விழக்கூடாது என்றுதானே வீட்டில் வைத்திருக்கிறோம், நானே சொல்லிக்கொடுத்தால் அவள் மனசு கெட்டுவிடாதா அக்கா?

பதில்: கெட்டுவிடாது தங்கச்சி. செபமாலையில் மரியாவைப் பார்த்து 53 தடவை சொல்கிற ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், நம் செபத்திலேயே வயிறு வருகிறது, கனி வருகிறது, நம்பிக்கை அறிக்கையில் கன்னி வருகிறது, கட்டளைகளில் விபசாரம் செய்யாதே என்கிற ஆறாவது வருகிறது. திருச்சபை கூசாமல் பிள்ளை வாயில் வைத்த சொற்களுக்கு அர்த்தம் சொல்ல நாம்தான் கூசுகிறோம்.

இன்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று அதட்டியது தப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு, அம்மா வயிற்றுக்குள் கர்ப்பப்பை என்று ஓர் இடம் இருக்கிறது, அம்மாவிடம் இருக்கும் சின்ன முட்டையும் அப்பாவிடமிருந்து வரும் உயிரணுவும் சேரும்போது கடவுள் ஒரு புது உயிரைத் தருகிறார், நீயும் அப்படித்தான் வந்தாய், இயேசு மட்டும் தூய ஆவியின் வல்லமையால் வந்தார் என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு இது போதும். வத்திக்கானின் குடும்ப அவை 1995இல் வெளியிட்ட ஏடும் இதைத்தான் சொல்கிறது: இந்தப் பாடத்தைப் பெற்றோரே, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், பருவமடையும் முன்பான வருஷங்களில் தேவையில்லாத விவரங்களைத் திணிக்கக் கூடாது. கேட்டதற்குப் பதில், கேட்காததற்குப் பொறுமை.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். என் மூத்தவளுக்கு மாதவிலக்கு பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து, பன்னிரண்டு ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். பதினொன்றிலேயே வந்துவிட்டது. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரிந்தால் பயந்துபோவாள் என்று உள்ளாடையை ஓசைப்படாமல் அலசிக்கொண்டிருந்தாள் பிள்ளை. நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருந்து கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள் நான். வீட்டிலேயே வைத்திருப்பதால் மட்டும் எதுவும் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கேள்வி: வீட்டுக் கல்விதான் உண்மையான கத்தோலிக்கக் கல்வி என்று எங்கள் செபக் குழுவில் சொல்கிறார்கள். பள்ளிக்கு அனுப்பும் நாங்கள் கடமை தவறியவர்களா?

பதில்: இல்லவே இல்லை. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர் என்பது உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னது, அது பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கும் பொருந்தும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 793ஆம் விதியில் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோருக்கே கொடுக்கிறது. 798ஆம் விதி கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் சேர்க்கச் சொல்கிறது, அது முடியாவிட்டால் பள்ளிக்கு வெளியே அந்தக் கல்வி கிடைக்கப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. நாட்டுச் சட்டம் வேறு இருக்கிறது. ஜெர்மனியில் அபூர்வ விதிவிலக்கு தவிர வீட்டுக் கல்விக்கு அனுமதியே இல்லை, அங்குள்ள கத்தோலிக்கப் பெற்றோரெல்லாம் கடமை தவறியவர்களா என்ன?

கேள்வி: பதினான்கு வயது மகன். வீட்டில்தான் படிக்கிறான், கெட்ட சகவாசம் கிடையாது. அப்படியும் ஃபோனில் ஆபாசப் படம் பார்ப்பதைக் கண்டுபிடித்தேன். ஃபோனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டேன், ஒரு வாரமாக அவனோடு பேசவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: தம்பி, உங்கள் கோபத்துக்குள் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தை முதலில் முடியுங்கள். அவன் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

அது பாவம்தான், திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அதைக் கடுமையான தவறு என்றே சொல்கிறது, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. அதே ஏடு 2343ஆம் பத்தியில் கற்புக்கு வளர்ச்சி விதிகள் உண்டு, அந்த வளர்ச்சி குறைகளும் பல நேரம் பாவமும் கலந்த படிகள் வழியாகப் போகும் என்கிறது. பதினான்கு வயதில் அவன் அதில் எந்தப் படியில் நிற்பான், நீங்களே சொல்லுங்கள்.

அவனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போங்கள். பக்கத்தில் நடக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு வரும். உன் உடம்பில் எழும் ஆசை கடவுள் கொடுத்தது, அசிங்கமில்லை, அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணும் ஒருவருடைய மகள், அவளைப் பொருளாக்கிக் காட்டுகிறார்கள், அதுதான் தப்பு என்று சொல்லுங்கள். உங்களுக்கும் அந்த வயதில் போராட்டம் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வேறு யார் சொல்வதையும்விட அப்பா சொல்வது அவனுக்குள் இறங்கும். இரவில் எல்லோருடைய ஃபோனும் கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நீங்கள் முதலில் போய் வரிசையில் நில்லுங்கள், அவன் வருவான். உள்ளே என்ன சொன்னான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குருவே அதை வெளியில் சொல்ல முடியாது, நமக்கு ஏது உரிமை?

கேள்வி: நான்காவது பிரசவம் சிக்கலாகிவிட்டது, இரண்டு வருஷ இடைவெளி கட்டாயம் என்கிறார் டாக்டர். மாத்திரை வேண்டாம், இயற்கை முறை போதும் என்று முடிவெடுத்தோம். தாய்ப்பால் கொடுப்பதால் மாதவிலக்கு ஒழுங்கில்லை. அட்டவணை எழுதுவது நான், வேண்டாம் என்று சொல்வதும் நான், அவர் முகம் வாடுவதைப் பார்ப்பதும் நான். குழந்தை இப்போது வேண்டாம் என்று நினைப்பதே பாவமோ என்றும் தோன்றுகிறது.

பதில்: பாவமில்லைம்மா. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய ஹூமானே வீத்தே சுற்றுமடல், கருத்தடையைக் கூடாது என்று சொன்ன அதே மடல்தான், தக்க காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களை மட்டும் பயன்படுத்தி இடைவெளி விடலாம் என்றும் சொல்கிறது. உடல்நிலை, மனநிலை இரண்டையும் காரணங்களில் சேர்க்கிறது. 2015 ஜனவரியில் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போலப் பெற வேண்டியதில்லை, பொறுப்புள்ள பெற்றோராக இருங்கள் என்றார்.

தாய்ப்பால் கொடுக்கும் காலம் கஷ்டமான காலம், அதைச் சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். நாள் எண்ணும் கணக்கு இப்போது உதவாது. கருமுட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் ஏறும், ஆனால் ராத்திரி நாலு தடவை பிள்ளைக்காக எழுந்தால் அந்த அளவும் நம்பும்படி இருக்காது. அதனால் கருப்பை வாயில் சுரக்கும் சளியின் மாற்றத்தைக் கவனிக்கும் பில்லிங்ஸ் முறையைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், உங்களுக்கு இருந்த சிக்கலை டாக்டரிடமும் அவரிடமும் முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும், ஆண் உயிரணு ஐந்து நாள் வரை இருக்கும். விலகியிருக்க வேண்டிய நாட்கள் நீளுவதற்கு அவர் உடம்பும் காரணம் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் நான்தான் போலீஸ்காரி மாதிரி இருந்தேன், சண்டையும் அழுகையுமாகத்தான் போனது. கடைசியில் ஒரு நாள் நோட்டை அவரிடம் கொடுத்து, இனி நான் சொல்வதை நீங்கள் எழுதுங்கள் என்றேன். மூன்றாம் மாதத்தில் ஒரு ராத்திரி அவரே நோட்டை மூடிவைத்துவிட்டு, இன்னும் நாலு நாள் இருக்கு, வா, சும்மா பேசிக்கிட்டு இருப்போம் என்றார். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லும் வேலை என் ஒருத்தி தலையில் இல்லை.

நோட்டை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், அவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.