தூக்கத்துக்கு மருந்து எடுத்தால் பென்சன் போகுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். 2009இல் வன்னியில் நின்றவர். லீவில் வந்தால் இரவு 2 மணிக்கு எழும்பி வாசலில் குந்திவிடுகிறார். லயத்துத் தகரத்தில் மழை அடித்தாலே திடுக்கிடுகிறார். தினமும் சாராயம். டொக்டரிடம் போவோம் என்றால், "பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், பென்சனுக்கு இன்னும் மூன்று வருசம்தான்" என்கிறார்.
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: "மனநோய்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். தூக்கத்தில் தொடங்குங்கள், தூக்கமில்லை என்று சொல்ல எந்தச் சிப்பாயும் கூச்சப்படமாட்டார். படுத்த நேரம், எழும்பிய நேரம், கனவு, குடித்த அளவு என ஏழு நாளைக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள். அதோடு காலையிலேயே டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை ஓபிடிக்குப் போய், மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காசு இல்லை. பென்சன் பயம் விளங்குகிறது. ஆனால் வேலைக்கு உலை வைப்பது பெரும்பாலும் கிளினிக் கொப்பி அல்ல. குடித்துவிட்டு முகாமில் போடும் சண்டையும், லீவு முடிந்தும் திரும்பாததும்தான்.

சாராயத்தை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் குடித்தவருக்கு முதல் இரண்டு நாளில் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். மூன்றாம் நாளளவில் புத்தி தடுமாறலாம். டொக்டரின் கண்காணிப்பில் குறைக்க வேண்டும். பார்மசியில் தூக்க மாத்திரை வாங்கிச் சாராயத்தோடு போட்டால் மூச்சே அடங்கிவிடலாம்.

மனப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் செர்ட்ரலின் போன்ற மாத்திரை எழுதினால், முதல் வாரத்தில் வயிறு குமட்டலாம். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பலர் கைவிடுவது அந்தக் குமட்டலில்தான். லீவு அதற்குள் முடிந்துவிடும் என்பதால், முகாம் டொக்டரிடம் தொடர ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பயங்கர அனுபவங்களுக்கான பேச்சுச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 12 அமர்வு. அதை அவர் கடமை செய்யும் பக்கத்தில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். தமிழ்ப் பிள்ளை ராணுவத்தில் என்றால் ஊரிலும் மனம்விட்டுப் பேச முடியாது, முகாமிலும் முடியாது. அதனாலேயே அவருக்கு அந்த அமர்வுகள் கூடுதலாகத் தேவை.

கனவில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள், கை ஓங்கிவிடுவார். கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டில்தான் இருக்கிறீங்க" என்று சொல்லி லைட்டைப் போடுங்கள்.

சாவதைப் பற்றிப் பேசினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம். புல்லுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.