கேள்வி-பதில்: பிளேட்டைத் தடிமனாக்கினால் வெப்பத் தகைவு குறையுமா?

வில்லியனூர் பாலிடெக்னிக் மாணவர்: இரு முனையும் இறுகிய எஃகு டேப்பர் ராடு (ஒரு முனை நோக்கிச் சிறுத்துப் போவது), விட்டம் 50 மி.மீ.யிலிருந்து 25 வரை. வெப்பநிலை 40 டிகிரி கூடினால் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) எவ்வளவு? சராசரி விட்டம் போதுமா?

போதாது. சீரான எஃகு ராடில் டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல் (தகைவின் அலகு), 40 டிகிரிக்கு 96. வட்ட டேப்பரில், பெரிய விட்டத்தைச் சிறியதால் வகுத்து அந்த 96-ஐப் பெருக்குங்கள். சிறுமுனையில் 192, பெருமுனையில் 48. விசை நெடுக ஒன்றுதான், பரப்புதான் மாறுகிறது. எப்போதும் சிறுமுனையைப் பாருங்கள்.

பண்ருட்டி வாசகர்: நீளத்தை இரட்டிப்பாக்கினால்?

தகைவு மாறாது. ஆனால் ஒல்லி ராடு நெளியும். அது தனிக் கணக்கு.

மேட்டுப்பாளையம் ஃபேப்ரிகேட்டர்: 400 மி.மீ. நீள டேப்பர் பிளேட், அகலம் 100-லிருந்து 50. வெயிலில் போல்ட் தளர்ந்ததால் 10 மி.மீ. தடிமனை 16 ஆக்கினோம். இப்போது வெல்டே விடுகிறது.

விடத்தான் செய்யும். எத்தனை பட்டறையில் சொல்லிவிட்டேன், இன்னும் கேட்க ஆளில்லை! பாரம் தொங்கினால் தடிமன் உதவும். சூட்டில் விரிய விடாமல் தடுப்பதால் வரும் தகைவுக்குத் தடிமனோடு சம்பந்தமே இல்லை. உங்கள் பிளேட் தட்டை. மாணவருக்குச் சொன்ன வட்டக் கணக்கு இதற்கு ஆகாது, மடக்கை (லாகரிதம்) கணக்கு வரும். 40 டிகிரிக்குச் சிறுமுனையில் 138 மெகாபாஸ்கல். 10 மி.மீ.க்கும் அதுதான், 16-க்கும் அதுதான். ஆனால் முனைகளைத் தள்ளும் விசை 7 டன்னாக இருந்தது, இப்போது 11 டன். முனைகளைத் தாங்கும் சட்டம் துளியும் அசையாவிட்டால் வரும் கணக்கு இது. அந்த 11 டன்னையும் வெல்டின் தலையில் கட்டியது நீங்கள்தான்.

இத்தனைக்கும் அந்த பிளேட் விரியக் கேட்கும் இடம் 0.2 மி.மீ.தான். ஒரு முனையில் நீள்துளை (போல்ட் நகர இடம் தரும் நீளமான ஓட்டை) போட்டு, நகரும் அளவுக்கு போல்ட்டை விடுங்கள். பழைய 10 மி.மீ. பிளேட்டே போதும். ஒரு பக்கம் மட்டும் சூடு படும் இடமென்றால் தடிமன் இன்னும் கெடுதல்: இரு மடங்கு தடித்தால் உள்ளே சூடு பரவ ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம், அதுவரை இரு முகமும் ஒன்றையொன்று இழுக்கும்.

பாகூர் வாசகர்: வெயிலில் ராடில் எவ்வளவு தகைவு வரும்?

என்ன உலோகம், முனைகள் இறுகியவையா, எந்த வெப்பநிலையில் பொருத்தினீர்கள் — எதுவுமே எழுதாமல் எப்படிச் சொல்வது? மார்கழி விடியலில் 22 டிகிரியில் முடுக்கியது கத்திரி வெயிலில் 60-ஐத் தொடலாம். முனை சுதந்திரமாக இருந்தால் தகைவு சுழி. பொருத்தும் நாளின் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள்.

கடலூர் முதுநகர் பட்டறைக்காரர்: டேப்பர் ராடைக் கடினமாக்கச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கிறது.

எஃகு ரகத்தை நீங்களும் எழுதவில்லை. ஈ.என். 24 என்ற கலப்பு எஃகு என்றால் தண்ணீர் வேண்டாம், எண்ணெய். எதுவானாலும் தடித்த முனையை முதலில், செங்குத்தாக இறக்குங்கள். மெல்லிய முனை முந்திக் குளிர்ந்து இறுகிவிட்டால், தடித்த பகுதி பின்னால் கடினமாகி விரியும்போது இழுபடுவது அந்தச் சிறுமுனைப் பக்கம்தான்.