ஒன்பது மணிக்குப் படுக்கை, பத்தே முக்காலுக்குத் தூக்கம்: என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். இரவு 9 மணிக்குப் படுக்க வைத்தால் தண்ணி, ஒண்ணுக்கு, இன்னொரு கதை, அப்பத்தாவைப் பார்க்கணும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தூங்கப் பத்தே முக்கால் ஆகிவிடுகிறது. காலை ஆறரைக்கு எழுப்பினால் ஒரே அழுகை. மதியம் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை தூங்குவாள். கணவர் கடை சாத்திவிட்டு வர 9.15 ஆகும். திட்டியும் பார்த்தாயிற்று, பூச்சாண்டி காட்டியும் பார்த்தாயிற்று. (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: இதைப் பிடிவாதம் என்று முடிவுகட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்தரைக்கு எழுந்த குழந்தைக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் எப்படி வரும்? விழித்து மூன்றரை மணி நேரம்தான் ஆகிறது. அதோடு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் உடல் நல்ல விழிப்பில் இருக்கும். சரியாக அந்த நேரத்தில் விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்கிறீர்கள். அவள் தண்ணி கேட்கிறாள்.

அதற்காகத் தூக்கம் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 3, 4 வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஒன்பதே முக்கால்.

முதலில் மதியத் தூக்கத்தை முன்னே இழுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் டிவி வேண்டாம். சாப்பாடு முடிந்த கையோடு படுக்க வைத்து, ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள். எப்படியானாலும் மூன்றரைக்கு மேல் தூங்க விடாதீர்கள். முதல் வாரம் சாயங்காலம் சிணுங்குவாள். ஆறு மணிக்குக் கண்ணைக் கசக்கினால் வாசலில் விளையாட விடுங்கள். அந்த நேரத்தில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் ராத்திரிக் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்தது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். இன்றிரவு ஒன்பது மணிக்குப் படுக்க வைக்காதீர்கள். அவள் நிஜமாகத் தூங்கும் நேரத்தை ஒட்டி, பத்தரைக்குப் படுக்கை. படுத்து இருபது நிமிடத்துக்குள் தூங்குகிறாளா? இரண்டு மூன்று நாள் அப்படியே போனால் பத்தேகாலுக்கு மாற்றுங்கள். பிறகு பத்து. இப்படிக் கால் கால் மணியாக ஒன்பதுக்கு வர ஆறு படி, ஏறக்குறைய இரண்டரை வாரம். ஏதாவது ஒரு படியில் இருபது நிமிடத்தைத் தாண்டினால் அங்கேயே இன்னும் சில நாள் நில்லுங்கள். காலை ஆறரை மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக்கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஞாயிறு எட்டரை வரை தூங்கிய குழந்தை அன்றிரவு பதினொன்றுக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கும்.

படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னால் டிவி, செல்போன் இரண்டும் நிற்கட்டும். ட்யூப்லைட்டை அணைத்து மங்கலான மஞ்சள் பல்பு போடுங்கள். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் கண்ணுக்குள் அதிக வெளிச்சம் போகும், அதனால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு எளிதில் தள்ளிப்போகும். கடைசி அரை மணி நேரத்துக்குத் தினமும் ஒரே வரிசை: பால், பல் விளக்கல், ஒண்ணுக்கு, கால் டம்ளர் தண்ணி, கதை. பால் பல் விளக்கும் முன், கதை பாயில் படுத்த பின். எத்தனை கதை என்பதை உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு என்றால் இரண்டுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்பாள். அதற்கு ஒரு சீட்டு. ஒரு அட்டையில் அவளையே படம் வரையச் சொல்லி, படுக்கும்போது கையில் கொடுங்கள். அதைக் கொடுத்து ஒரே ஒரு தரம் எதையாவது கேட்கலாம், மூன்று நிமிடத்துக்குள் முடிகிற எதுவும். அப்பத்தாவுக்கு முத்தம் கொடுப்பதும் அதில் சேர்த்திதான். சீட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். காலையில் சீட்டு அவளிடமே இருந்தால், அன்றைய டிபனை அவள் முடிவு செய்யட்டும். பல குழந்தைகள் சீட்டைத் தலையணைக்கடியில் பத்திரப்படுத்திவிட்டுத் தூங்கிப்போகும். கேட்க வழி இருக்கிறது என்ற தெம்பே போதும்.

சீட்டு தீர்ந்தபின் எழுந்தால், "தூங்கற நேரம் அம்மிணி" என்று மட்டும் சொல்லிப் படுக்க வையுங்கள். விளக்கம், திட்டு, கெஞ்சல் எதுவும் வேண்டாம். திட்டும் அவளுக்குப் பேச்சுத்துணைதான். ஆறு தரம் மறுத்துவிட்டு ஏழாவது தரம் இறங்கினால், ஏழு தரம் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்வாள். முதல் சில இரவுகள் கேட்பது கூடவே செய்யும். பழைய வழி வேலை செய்யவில்லை என்பதால் வரும் வேகம் அது. பக்கத்திலேயே படுத்துத் தூங்க வைப்பது உங்கள் வழக்கமென்றால் தாராளமாகப் படுங்கள், கண்ணை மூடிக்கொண்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு. பூச்சாண்டி மட்டும் வேண்டாம். பயந்த குழந்தைக்கு விழித்திருக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

இனி உங்கள் கணவர். படுக்கை நேரம் பத்தைச் சுற்றி இருக்கும்வரை கதை சொல்லும் வேலையை அவரிடமே விடுங்கள். ஒன்பதரைக்குக் கீழே இறங்கியதும், எட்டேகாலுக்குப் போனில் பேசட்டும். வீட்டுக்கு வந்தால் மகள் தூங்கும்வரை அந்த அறைப்பக்கம் போக வேண்டாம். பதிலுக்குக் காலையில் குளிப்பாட்டி வேனில் ஏற்றும் வேலை அப்பாவுக்கு. அப்பத்தாவிடமும் பகலிலேயே பேசிவிடுங்கள். சீரியல் சத்தம் குறையட்டும், "பாவம், அழுகுது" என்று கதவைத் திறக்க வேண்டாம்.

வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ குறட்டை, வாயால் மூச்சு விடுதல், கால் குறுகுறுக்கிறது என்று உதைத்துக்கொண்டே இருத்தல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையின் வீக்கமாகவும், கால் தொல்லை இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். அது முட்டையிட வெளியே வருவதே இரவில்தான். தூங்குவதற்கென்று சளி மருந்து கொடுக்கவே கூடாது.

கல்யாணம், ஊர் நோம்பி என்று நடுவில் இரண்டு நாள் குலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மறுநாள் காலை ஆறரைக்கு எழுப்பிவிட்டு, ராத்திரி இரண்டு படி பின்னால் போய், அங்கிருந்து மறுபடி இறங்குங்கள்.