சுறாக்களின் பின்வரிசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (வாசகர், திருநகர், மதுரை): என் மகளும் மாப்பிள்ளையும் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறார்கள். அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ஷார்க்ஸின் ஆட்டத்தை, இங்கே காலை எட்டரை மணிக்குக் கைப்பேசியைக் காபி டபராவில் சாய்த்து வைத்து நானும் பார்க்கப் பழகிவிட்டேன். "பின்வரிசைக்காரர் மூன்று பேருக்குக் கொட்டிக் கொடுத்துத்தான் அணி நாசமாயிற்று" என்கிறார் மாப்பிள்ளை. "ஆடியவர் மேல் ஏன் பழி, கையெழுத்துப் போட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள்" என்கிறாள் மகள். வீடியோ அழைப்பில் எனக்கு நாட்டாமை வேலை. யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது?

பதில்: மகள் பக்கம் சொல்லுங்கள். ஆனாலும் மாப்பிள்ளை போடும் கணக்கில் பிழை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது முகம் கொடுக்க வேண்டுமே.

அந்தக் கணக்கு இதுதான். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. நம் ஊர் நில உச்சவரம்பைப் போலப் பினாமி பெயரில் எழுதி வைத்துத் தப்பிக்க இதில் வழியில்லை. 2019-20 பருவத்தில் அந்த வரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். அதற்குள் ஷார்க்ஸ் அணி பிரெண்ட் பர்ன்ஸுக்கு ஆண்டுக்கு 80 லட்சம், மார்க்-எடுவார்ட் விளாசிக்குக்கு 70 லட்சம், எரிக் கார்ல்சனுக்கு 1 கோடியே 15 லட்சம் என ஒதுக்கியிருந்தது. மூவரும் பின்வரிசைக்காரர்கள், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர்கள். மூன்றையும் கூட்டினால் 2 கோடியே 65 லட்சம், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 23 பேர் கொண்ட குழுவில் மற்ற இருபது பேரும் மீதியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், தொகையை விடத் தொல்லை தந்தது ஆண்டுக் கணக்குதான். மூன்று ஒப்பந்தங்களும் எட்டெட்டு ஆண்டுகள், அதாவது சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க விதி அன்று அனுமதித்த முழு நீளம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பர்ன்ஸுக்கு வயது 32, விளாசிக்குக்கு 31, கார்ல்சனுக்கு 29. நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் விலை பேசுகிறவர் இல்லை. எட்டுப் பல்லும் முளைத்துத் தேயத் தொடங்கிய மாட்டுக்கு இளங்காளையின் விலையைக் கொடுத்துவிட்டு, பிறகு அது ஏர் இழுக்கவில்லை என்று மாட்டைத் திட்டினால் சந்தையே சிரிக்கும்.

நிர்வாகத்துக்குப் பல் பார்க்கத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2016-இல் அந்த லீக்கின் வாகைக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று வரை சென்று பிட்ஸ்பர்க்கிடம் தோற்ற அணி அது. 2019-இல் மேற்குப் பிரிவின் இறுதிக்கும் வந்தது. முதல் நான்கு ஆண்டுகளில் கோப்பையை எடுத்துவிட்டால் பின் நான்கு ஆண்டுச் சம்பளம் தண்டமாகப் போனாலும் பரவாயில்லை என்று தெரிந்தே ஆடிய சூதாட்டமாகத்தான் எனக்கு அது தோன்றுகிறது. கோப்பை வரவில்லை. 2019-க்குப் பிறகு 2025 வரை ஒரு முறைகூட அந்த அணி பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த உச்சவரம்பும் கொரோனா காலத்தில் மூன்று பருவங்கள் அதே இடத்தில் நின்றுவிட்டது. இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு: 2018-இல் ஒட்டாவா அணியிடமிருந்து கார்ல்சனை வாங்கியபோது கொடுத்தவற்றில், பின்னாளில் 2020 இளையோர் தேர்வில் மூன்றாவது இடமாக அமைந்த வாய்ப்பும் ஒன்று. ஆண்டுதோறும் அணிகள் வரிசையாகப் புது இளைஞர்களை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது, தோற்ற அணிகளுக்கே அதில் முன்னிடம். தோற்றது சான் ஹோசே, தோல்விக்குக் கிடைத்த பரிசை எடுத்துக்கொண்டது ஒட்டாவா.

கார்ல்சன் சோம்பி நின்றார் என்று மாப்பிள்ளை சொன்னால் மட்டும் விடாதீர்கள். 2022-23-இல் 25 கோல் அடித்து, 76 கோலுக்கு உதவி, 101 புள்ளிகளுடன் சிறந்த பின்வரிசை ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருதைப் பெற்றவர் அவர். அந்தப் பருவத்தில் அணி வென்றதோ 82 ஆட்டங்களில் 22.

கேள்வி (வாசகர், உசிலம்பட்டி): ஆட்டம் சரியில்லை என்றால் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே?

பதில்: மதுரையில் வீட்டை ஒத்திக்கு விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆளைக் காலி செய்யச் சொல்வது பெரிய காரியமில்லை. வாங்கிய பணத்தைப் புரட்டித் திருப்புவதுதான் காரியம். அந்த லீக்கில் 26 வயது நிரம்பிய ஒருவரை இடையில் விடுவித்தால், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதியுள்ள ஆண்டுகளைப் போல இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சுமையும் உச்சவரம்புக் கணக்கிலேயே ஏறும். 2025 ஜூனில் விளாசிக்கை அப்படித்தான் விடுவித்தார்கள். ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது ஓராண்டு, சுமை தொடர்வது ஈராண்டு. 1,300-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஒரே அணிக்காக ஆடியவர் அவர். அமெரிக்காவில் அவர் பெயரிலேயே ஊறுகாய் ஒன்று விற்பதால் ரசிகர்கள் அவரை 'ஊறுகாய்' என்றே செல்லமாக அழைத்தார்கள். அத்தனை காலம் இலையில் இருந்த ஊறுகாயைக் கடைசியில் ஒதுக்கி வைத்தபோது, திட்டித் தீர்த்தவர்களுக்கே மனம் சங்கடப்பட்டிருக்கும்.

மற்ற இருவரை வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள், அதுவும் இலவசமாக அல்ல. 2022-இல் கரோலைனாவுக்குப் போன பர்ன்ஸின் சம்பளத்தில் 34 விழுக்காட்டை ஷார்க்ஸே சுமந்தது. 2023-இல் பிட்ஸ்பர்க்குக்குப் போன கார்ல்சனுக்காக ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் 2027 வரை ஷார்க்ஸ் கணக்கில் நிற்கும்.

கேள்வி (வாசகர், வாடிப்பட்டி): 2025-இல் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி பார்த்ததிலிருந்து கேட்க நினைத்தேன். நம் ஹாக்கியிலும் பின்வரிசைக்கு இவ்வளவு விலை உண்டா?

பதில்: உண்டு. 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் மிக அதிகமாக, 78 லட்சம் ரூபாய்க்குப் போனவர் ஹர்மன்பிரீத் சிங். அவரும் பின்வரிசைக்காரர்தான். பெனால்டி கார்னரில் மட்டையால் பந்தை இழுத்து வீசும் வித்தை பெரும்பாலும் இவர்கள் கையில் இருப்பதால் அந்த மதிப்பு. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தது. ஏலத்தில் செலவிட அணிக்கு இருந்த நான்கு கோடி ரூபாய்ப் பையில் கால் பங்கு இந்த இரு பின்வரிசைக்காரர்களுக்கே சென்றது.

கேள்வி (வாசகி, மேலூர்): ஷார்க்ஸ் ரசிகையான என் தங்கை, ஆட்டமில்லாத கோடை மாதங்களில் பெரிய பெயர்களாகப் பார்த்து வாங்க வேண்டும் என்கிறாள். பேரனின் 65 எண் கார்ல்சன் சட்டையைத் தூக்கிப் போடச் சொல்கிறாள். உங்கள் கருத்து?

பதில்: வாங்கலாம், நீளமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. 2025 கோடையில் நிர்வாகம் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முப்பதைத் தாண்டிய பின்வரிசைக்காரர் திமித்ரி ஓர்லோவுக்கு ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் என்றாலும் இரண்டே ஆண்டு. ஜான் கிளிங்பெர்க்குக்கு 40 லட்சம், ஒரே ஆண்டு. தொகையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் ஆண்டைப் பார்க்கவில்லை. குறுகிய ஒப்பந்தம் தவறிப்போனால் அடுத்த ஆனியில் கை கழுவலாம். ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கான சந்தை ஜூலை 1 அன்றுதான் திறக்கிறது.

இனிதான் சபலத்துக்கு நேரம். 2025-26-இல் 9 கோடியே 55 லட்சமாக இருக்கும் உச்சவரம்பு அடுத்த பருவத்தில் 10 கோடியே 40 லட்சமாகிறது. கையில் காசு புரளும்போதுதான் எட்டு ஆண்டு யோசனை வரும். நல்ல வேளையாக லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட, 2026-இல் தொடங்கும் புதிய உடன்படிக்கை சொந்த ஆட்டக்காரருக்கு ஏழு, வெளியாருக்கு ஆறு என்று நீளத்தைக் குறைத்துவிட்டது. 2025-26 பருவத்தோடு ஒப்பந்தம் முடியும் ஷார்க்ஸ் பின்வரிசைக்காரர் மாரியோ ஃபெராரோ போன்ற 27 வயதுக்காரருக்குக்கூட நான்கு ஆண்டுக்கு மேல் நான் எழுத மாட்டேன்.

சட்டையை எறிய வேண்டாம். கார்ல்சனை விற்றபோது கிடைத்த முதல் சுற்று வாய்ப்பு 2024-இல் பதினான்காம் இடமாக அமைந்தது. அதோடு இன்னொரு வாய்ப்பையும் சேர்த்து பஃபலோ அணியிடம் கொடுத்துப் பதினோராம் இடத்துக்கு ஏறி, சாம் டிக்கின்சன் என்ற 18 வயதுப் பையனை எடுத்தார்கள். அவனும் பின்வரிசைதான்.