வாசகர் கேள்வி: பூட்டிக் கிடக்குற லேப்ல என்னத்த கத்துக்குறது?

கேள்வி: மேடம், நான் கடலூர் மஞ்சக்குப்பம், பி.எட். ரெண்டாவது வருஷம், பிசிக்கல் சயின்ஸ். எங்க காலேஜ்ல லேப், ஸ்மார்ட் போர்டு எல்லாம் இருக்கு, ஆனா இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும்தான் திறப்பாங்க. இப்ப ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு ஸ்கூல்ல இன்டர்ன்ஷிப். பத்தாம் வகுப்புக்கு லென்ஸ் பாடம் எடுக்கணும். கடையில வாங்குன சார்ட்ட மாட்டி எடுத்துடவா?

– ஒரு வாசகி

பதில்: சார்ட் மட்டும் போதாதும்மா. திருப்பாப்புலியூர் கடைத்தெருவுல ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கோ, பெருசா செலவாகாது. கிளாஸ்ல ஜன்னலுக்கு எதிர் சுவரு பக்கத்துல அத புடிச்சு மெதுவா முன்ன பின்ன நகர்த்து, வெளிய தூரத்துல நிக்குற தென்னமரம் குட்டியா, கலரோட, தலைகீழா சுவத்துல வந்து விழும் பாரு, அப்படியே அசையாம வச்சுக்கிட்டு ஒரு பையன கூப்டு லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லு, அதான் குவியத் தூரம். ஆனா முந்தின நாளே வீட்ல பத்து தடவ செஞ்சு பாத்துடு. மரம் கிட்டக்க இருந்தா அளவு தப்பா வரும், எதிர் சுவத்துல வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா பிம்பமே தெரியாது, இதெல்லாம் கையில புடிச்சுப் பாத்தாதான் தெரியும்.

அதுக்குத்தான் லேப்பே. டீச்சர் ட்ரெயினிங் காலேஜுக்கெல்லாம் விதி போடுற என்.சி.டி.இ.யோட 2014 விதிமுறைல பி.எட்.டுக்கு 20 வாரம் ஸ்கூல் இன்டர்ன்ஷிப், காலேஜ்ல ஸ்கூல் பாடங்களுக்கான பொருட்களோட லேப், 3000 புக்ஸோட லைப்ரரினு தெளிவா போட்டிருக்கு. பீரோவுல அடுக்கி வைக்கவா கேட்டிருக்காங்க? உங்க கை படணும்னுதானே. நெனச்சா எனக்கு மனசே ஆறல, கவர் பிரிக்காத மைக்ராஸ்கோப்ப எத்தன எடத்துல பாத்திருக்கேன்!

ஏன் பூட்டுறாங்கன்னும் யோசிச்சுப் பாரு. பல எடத்துல ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒருத்தர் பேர்ல இருக்கும், ஒரு பீக்கர் ஒடஞ்சாலும் அவங்கதான் பதில் சொல்லணும், அந்த பயம்தான். அதனால சண்டைக்குப் போகாத. நாலு பேர் சேந்து பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதுங்க: சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் லேப் வேணும், யார் எதை எடுத்தோம்னு நாங்களே கையெழுத்து போடுறோம், ஒடஞ்சா எழுதி வைக்க தனி நோட்டு போடுங்கன்னு கேளுங்க. அடுத்த பேட்ச் பிள்ளைங்களையும் ரெண்டு பேர கூட்டிட்டுப் போங்க, நீங்க போனப்பறம் சாவிய அவங்கதான் கேக்கணும்.