மாத்திரை, பூச்சிமருந்து, துப்பாக்கி: உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான், வீட்டில் ஒருவர் தற்கொலை செய்துகொள்வாரோ என்று. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வில்லியனூர்: பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து மகள் சரியாகப் பேசுவதில்லை. நேற்று "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" என்றாள். மாமியாரின் பிரஷர், சுகர், தூக்க மாத்திரை எல்லாம் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. பூட்டினால் சந்தேகப்படுகிறோம் என்று நினைக்க மாட்டாளா?

இன்றைக்கே பூட்டுங்கள் அம்மா. ஒளித்துச் செய்ய வேண்டாம், சொல்லிவிட்டே செய்யுங்கள்: "நீ கஷ்டத்துல இருக்க, எனக்குப் பயமா இருக்கு, கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் என் பொறுப்புல இருக்கட்டும்." கோபப்பட்டால் படட்டும். மாமியாருக்கு அந்தந்த வேளை மாத்திரையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு மீதியை பீரோவில் பூட்டி, சாவியை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிற சாவி வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முடிந்தால் டாக்டரிடம் கேட்டு ஒரு மாத மருந்துக்குப் பதில் வாரா வாரம் வாங்குங்கள். எப்போதோ வாங்கி மிஞ்சிய அட்டைகளையெல்லாம் உரித்து, காப்பித்தூள் சக்கையோடோ மண்ணோடோ பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், இதுதான் முக்கியம். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பல பிள்ளைகளுக்கு யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே ஜிப்மருக்கோ பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். எந்த நேரமானாலும் 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

பண்ருட்டி: வீட்டுக்காரர் கடன், குடி இரண்டிலும் மாட்டிக்கொண்டிருக்கிறார். முந்திரிக்கு அடிக்கிற மருந்து திண்ணையிலேயே கிடக்கிறது. பெட்டி வாங்கிப் பூட்டினால் போதுமா?

போதாது. இலங்கையில் கிராமம் கிராமமாக வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள், 2017-ல் முடிவு வந்தது, பெட்டி கொடுத்த ஊர்களில் விஷம் குடிப்பது குறையவில்லை. பெட்டி வீட்டுக்குள், சாவியும் வீட்டுக்குள் என்றால் என்ன பெரிய தடை? ஆனால் அதே இலங்கையில் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின் சுமார் இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதமே 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. நம் கடலூர் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கம், ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு கட்டி பேங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள், அது நல்ல பலன் தந்தது. மருந்து வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், விஷயம் அவ்வளவுதான். நம்பிக்கையான பங்காளி வீட்டிலோ கொஞ்சம் தள்ளியிருக்கிற மோட்டார் கொட்டகையிலோ பூட்டி, சாவி அவர் கைக்குக் கிடைக்காதபடி பாருங்கள். அடுத்த தடவை ஒரு அடிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், மீதி வைக்காதீர்கள். குடித்திருக்கும்போது ஆபத்து அதிகம், அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். அப்படியே ஏதாவது ஆகிவிட்டால் சாணியோ சோப்புத் தண்ணியோ கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள்.

நெய்வேலி: அப்பா முன்னாள் ராணுவ வீரர், லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. அம்மா போனதிலிருந்து ரொம்ப ஒடிந்துவிட்டார்.

துப்பாக்கி விஷயத்தில் நான் சமரசம் செய்ய மாட்டேன் தம்பி. மற்றதில் காப்பாற்ற நேரம் கிடைக்கலாம், இதில் பெரும்பாலும் கிடைக்காது. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கிற பழக்கம் அவருக்கே இருக்கும். அதே மாதிரி இப்போதும் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம். "உங்ககிட்டேருந்து பிடுங்கல அப்பா, மனசு தேறினதும் எடுத்துக்கலாம்" என்று சொல்லி, அவர் மதிக்கிற பழைய ராணுவ நண்பர் ஒருவரைக் கூட வைத்துப் பேசுங்கள். ஒப்படைக்கும் வரை குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை ஒரு இடத்திலும் தோட்டாவை இன்னொரு இடத்திலும் பூட்டுங்கள்.

கடலூர் முதுநகர்: சாகணும்னு முடிவு பண்ணினவன் வேறு வழி தேட மாட்டானா?

நிறைய பேர் தேடுவதில்லை. அந்த வேகம் பலருக்குச் சில நிமிஷமோ சில மணி நேரமோதான், அப்போது கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 1998-ல் வலி மாத்திரையின் பாக்கெட் அளவைச் சிறிதாக்கினார்கள், வேறொன்றும் இல்லை, அதற்கே சாவு குறைந்தது. ஒரு தடவை முயன்று பிழைத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையில் சாவதில்லை.

பாகூர்: தம்பி மாத்திரை போட்டுவிட்டுப் பிழைத்தான். கேஸ் ஆகுமா?

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும், அது நடைமுறை. ஆனால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 115, அவன் கடும் மன அழுத்தத்தில் இருந்தான் என்றே எடுத்துக்கொள்கிறது, தண்டனை கிடையாது. கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள், சில மாத்திரைகள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் அப்புறம்தான் வேலையைக் காட்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு எவ்வளவு நாள் மாத்திரைகளைப் பூட்டி வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று மாதம் கண்டிப்பாக, அதற்கப்புறம் மனநல டாக்டர் சொல்கிறபடி. அவனுக்கு எழுதித் தரும் மாத்திரையும் அந்தப் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும், தினமும் நீங்களே எடுத்துக் கொடுங்கள், தேறிவிட்டான் என்று நினைத்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.